கிழக்குச் சுவரின் கற்கள்

ஜூன் 11

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நாம் இருவரும் இல்லை. மூன்று வருடமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். கிழித்துப் போட்டுவிடாதே. இது வீட்டு விவகாரம் இல்லை, பள்ளிக்கூட விவகாரம்.

நேற்று மாலை நம் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவர் உச்சியிலிருந்து ஒரு கல் சந்தில் விழுந்தது. படிப்பை முடித்துப் போகிற ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளும் தங்கள் பெயர்களைச் செதுக்கிய ஒரு பலகைக்கல்லைக் கயிறு கட்டி இழுத்து அந்தச் சுவரின் தலையில் வைத்துவிட்டுப் போவது இன்றும் நிற்கவில்லை. சுவரின் நீளம் முழுக்க இடுப்பு உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. நடு வரிசைகளில் என் பெயரும் இருக்கிறது, உன் பெயரும் இருக்கிறது. விழுந்தது போன வருடத்துக் கல். கலவை சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சந்துக்கு எதிர்ப்புறம் தையல்காரர் வீடு. வெளிச்சத்துக்காக அவர் வாசற்படியில்தான் உட்கார்ந்து தைப்பார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவிக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போயிருக்கிறார், கல் வந்து படியில் இறங்கியிருக்கிறது. படி இரண்டாகப் போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மனிதர் கையில் செம்போடு வாசலில் நின்றுகொண்டு படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் என்னைத் தலைமை ஆசிரியை ஆக்கியிருக்கிறார்கள். சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பெரிய கூடத்தில் நான்கு வகுப்பு நடக்கிறது. என் மகள், உன் மருமகள், எட்டாம் வகுப்பு. சுவரோரம் மூன்றாவது பெஞ்சு. பாடம் நடத்தும்போது கண் தானாக மேலே போகிறது.

ஊர் ஊராகப் போய் கட்டடம் நிற்குமா விழுமா என்று சொல்கிறவன் நீ. கற்களை என்ன செய்யட்டும் என்று மட்டும் சொல்.

அக்கா

*

ஜூன் 18

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வர வேண்டிய வேலை இதில் இல்லை. வரவும் முடியாது. மழைக்கு முன் இந்தப் பாலத்தின் தூண்களை ஆற்றைவிட்டு மேலே கொண்டுவர வேண்டும். தவிர, அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து வந்து சேர்ந்தவனிடம், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, "எல்லாம் முடிஞ்சது, இனிமே இந்த வாசல்ல உனக்கு என்ன இருக்கு" என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. வெள்ளத்தில் ரயில் நின்றதை நான் சொல்லவும் நீ விடவில்லை. போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கற்களை இறக்கிவிடு. எல்லாவற்றையும். பழைய செங்கல் சுவர், நூறு வருடத்துக்கு முந்தைய சுண்ணாம்பு. அதன் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருப்பது முட்டாள்தனம். பெயர் செதுக்கியிருப்பதால் கல் இலேசாகிவிடாது. மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறக்கச் சொல். வேலை நடக்கும்போது சந்தில் ஆள் நடமாட்டம் கூடாது.

கூரையிலோ சுவரிலோ விரிசல் இருக்கிறதா என்று பார். சின்னதாக இருந்தாலும் சரி. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் கலவை வைத்து ஒட்டிவிடு. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் உடையாது. கண்ணாடிக்கு எங்கே போவது என்று கேட்காதே, உன் அறிவியல் அறையில் நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கிற கண்ணாடித் தகடுகள் இருக்கும்.

கட்டடத்தின் வயது, யார் எதை எப்போது கட்டினார்கள் என்பதையும் எழுது. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

"மருமகளைக் கேட்டதாகச் சொல்" என்று எழுத உனக்குக் கை வந்ததே, அது போதும். சொன்னேன். "மாமா அவ்ளோதான் எழுதினாங்களா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். வாயாடி என்று நீ பெயர் வைத்தது வீண்போகவில்லை.

கட்டடத்தின் கதையைக் கேட்டாய். ஆண்டு மலருக்காக அதைத்தான் திரட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் அது பள்ளிக்கூடமே இல்லை, பஞ்சுக் கிடங்கு. மரக் கூரை. ஒரு கோடையில் தீப்பிடித்துக் கூரை முழுக்கப் போய், நான்கு சுவர் மட்டும் நின்றிருக்கிறது. பல வருடம் அதற்குள் ஆடு மாடு கட்டியிருக்கிறார்கள். முதல் தலைமை ஆசிரியர் வந்து அந்தச் சுவர்களை இனாமாகக் கேட்டு வாங்கினார். மரம் வாங்க வழியில்லை. சூளைக்காரர் செங்கல் தருவதாகச் சொல்லவும், செங்கல்லாலேயே வில் மாதிரி வளைத்துக் கூரை போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க மேற்குப் பக்கம் தூண் வைத்து வராந்தா கட்டினார்கள். கிழக்கில் சந்து இருப்பதால் ஒன்றும் கட்டவில்லை. காய்ச்சல் பரவிய வருடம் அந்தக் கூடம் ஆஸ்பத்திரி. வெள்ளம் வந்த வருடம் ஊரே அதற்குள் படுத்துக் கிடந்தது. இந்த ஊரில் யாருடைய நல்லது கெட்டதும் அந்தக் கூரையைத் தாண்டிப் போனதில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் கல்லை எடுக்கிறேன் என்றால் சும்மா விடுவார்களா? நிர்வாகக் குழுவைக் கூட்டினேன். தலைவரான ஆலைக்காரர், "எங்கப்பா பேரு அதுல இருக்கு டீச்சர், அதைக் கீழ போடச் சொல்றீங்களா?" என்றார். கீழே போடவில்லை, சுற்றுச்சுவரோரம் வரிசையாக நட்டுவைக்கலாம், குனிந்து படிக்கவாவது முடியும் என்றேன். கொஞ்சம் இறங்கி வந்தார்.

தையல்காரர்தான் மசியவில்லை. படி உடைந்தது அவர் வீட்டில்தானே, அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவருடைய ஒரே மகன் படிப்பை முடித்த வருடமே ஆற்றோடு போனவன். அந்த வருடத்துக் கல்லில் அவன் பெயர் இருக்கிறது. அவர் மனைவி படுத்திருக்கும் கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே அந்தக் கல் தெரியுமாம். "அவ காலையில கண்ணு முழிச்சா முதல்ல அதைத்தான் பாப்பா. விழுந்தது மேல் கல்லு. என் புள்ள கல்லு அடியில கெட்டியா உக்காந்திருக்கு. அதை ஏன் தொடுறீங்க?" என்று கேட்டார். இருந்தாலும் விடவில்லை. "என் தம்பி இந்த வேலையையே செய்யறவன். அவன் சொன்னா சொன்னதுதான். பாரம் குறைஞ்சா சுவரு பிழைக்கும்," என்று அடித்துப் பேசினேன். உன்மேல் ஊருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. ஒத்துக்கொண்டார்கள். தையல்காரர் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். கூரையின் நடு உச்சியில் நீளவாக்கில் தலைமுடி மாதிரி ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டிவிட்டேன்.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

நல்ல காரியம் செய்தாய். ஊரை எதிர்த்து நிற்க உன்னால்தான் முடியும், அதில் எனக்கு அனுபவம் உண்டு. தையல்காரர் விஷயம் வருத்தம்தான், ஆனால் கல்லுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடும். அவர் மகன் கல்லையும் சேர்த்தே இறக்கு. பாதியில் நிறுத்தாதே.

கூரைக் கோடு பழைய காய்ச்சல் விரிசலாக இருக்கும், சுண்ணாம்பு காயும்போது வருவது. கவலை வேண்டாம்.

இங்கே ஆறு பெருகத் தொடங்கிவிட்டது. இரவும் பகலும் வேலை. சுருக்கமாக எழுதுவதற்கு அதுதான் காரணம், வேறில்லை.

தம்பி

*

ஜூலை 13

தம்பிக்கு,

கற்களில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. உன் கல் இறங்கிய அன்று வாயாடி ஈரத்துணியால் துடைத்து உன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். தையல்காரர் மகன் கல்லை நானே கூட இருந்து இறக்கி, அவர் ஜன்னலுக்கு நேராகச் சந்தில் நிறுத்திவைக்கச் சொன்னேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இதையெல்லாம் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத வேண்டியது வேறு.

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே டிக் என்று ஒரு சத்தம். யாரோ பென்சிலை ஒடித்த மாதிரி. பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணாந்து பார்த்தேன், நடுவில் ஒட்டிய கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. மறுநாள் இன்னொன்று. மூன்றாவது நேற்றுப் போய்விட்டது, அதைக் காதால் கேட்டவர் யாருமில்லை.

தலைமுடி மாதிரி இருந்த கோட்டில் இப்போது ஒரு பைசாவைச் செருகலாம். காலையில் கூடத்துக்குள் நுழைந்தால், நடுவரிசையில் உட்காரும் பிள்ளைகளின் தலையில் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். மற்ற வரிசைகளில் இல்லை. ஒருத்தி தலையை உதறிக்கொண்டே, "எனக்கு வயசாயிடுச்சு டீச்சர்" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கிழக்குச் சுவரை ஒட்டி நிற்கும் மர அலமாரி தெரியுமல்லவா? அதன் அடிப்பாகம் சுவரோடு ஒட்டியபடிதான் இருக்கிறது. மேல்பாகத்துக்கும் சுவருக்கும் நடுவே இப்போது என் இரண்டு விரல் நுழைகிறது. அலமாரி சாயவில்லை, அதை நான் பார்த்துவிட்டேன். கொத்தனாரைக் கேட்டேன். "பாரம் இறங்குதில்ல, கட்டடம் மூச்சு விடுது," என்றார். நீயும் பாதியில் நிறுத்தாதே என்று எழுதியிருக்கிறாய். சரி என்றுதான் இருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டடம் மூச்சு விடுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. உனக்கு உதவுமோ என்னவோ. மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது முதல் வருடத்துப் பையன்களின் படம் கிடைத்தது. ஏழு பேர் சந்தில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் பெரிய மரக்கட்டைகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏதோ வேலை நடந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வருடத்துப் படத்தில் கட்டைகள் இல்லை, சுவரின் மேல் கற்கள் இருக்கின்றன. அப்போதே ஒரு வரிசை முழுக்க. மூன்று வருடத்துக்கு மூன்று கல்தானே இருக்க வேண்டும்? மற்றவற்றில் பெயர் ஒன்றும் செதுக்கியிருப்பதாகத் தெரியவில்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஜூலை 18

அக்கா,

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இது வருவதற்குள் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்திருப்பாய். அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத முடியாது.

நான் சொன்னது தப்பு. கற்கள் சுவரை அழுத்திக் கொல்லவில்லை. அவைதான் சுவரைப் பிடித்து வைத்திருந்தன.

உன் மேஜையில் ஒரு புத்தகத்தை விரித்துக் கூடாரம் போலக் கவிழ்த்து வை. உச்சியில் விரலால் அழுத்து. இரண்டு ஓரமும் வெளியே விலகும். வளைந்த கூரையும் அப்படித்தான், தன்னைத் தாங்கும் சுவர்களை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கும். மேற்கே வராந்தா முட்டுக் கொடுக்கிறது, அதனால் அந்தப் பக்கம் நகராது. கிழக்கே ஒன்றுமில்லை. பஞ்சுக் கிடங்குக்குக் கட்டிய சாதாரணச் சுவர். கூரை போட்ட உடனேயே அது சந்துப் பக்கம் சாய ஆரம்பித்திருக்கும். அதற்குத்தான் உன் படத்தில் இருக்கும் மரக்கட்டைகள். பிறகு யாரோ புத்தியாக யோசித்துச் சுவரின் தலையில் பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள். புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தால் அது நகராதல்லவா, அதே கணக்கு. கல் போதாமல் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். அது வழக்கமாகி, ஏன் என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது.

கிழக்குச் சுவரில் மட்டும் ஏன் கல் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நீ எல்லாக் கடிதத்திலும் எழுதியிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் நேரில் பார்க்காமல் வாயைத் திறந்திருக்க மாட்டேன். உன்னிடம் வரக்கூடாது என்ற வீம்பில், இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னேன். காய்ச்சல் விரிசல் என்று வேறு எழுதினேன். அந்த வார்த்தை இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

கவனமாகக் கேள். கற்களைத் திரும்ப ஏற்ற நினைக்காதே. இப்போது அந்தச் சுவரில் ஏணி சாத்தினாலே போதும். யாரும் கூடத்துக்குள் போகக்கூடாது. சுவர் விழுந்தால் சந்துப் பக்கம்தான் விழும். சந்தில் இருக்கிற வீடுகளைக் காலிசெய்ய வேண்டும், முக்கியமாகத் தையல்காரர் வீட்டை.

தம்பி

*

ஜூலை 23

தம்பி,

தந்தி பத்தொன்பதாம் தேதி இரண்டாவது பாடவேளையில் வந்தது. படித்ததும் மணி அடிக்கப் போனேன். மணி தொங்குவது அந்தக் கூரையின் இரும்புக் கொக்கியில். கயிற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. கையை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனேன். "ஓடக்கூடாது. பெஞ்சை இழுக்கக்கூடாது. புத்தகம் அப்படியே இருக்கட்டும்," என்று மெதுவாகச் சொன்னேன். நான் மெதுவாகப் பேசி அவர்கள் கேட்டதேயில்லை, அதிலேயே பயந்துவிட்டார்கள். வாயாடி வரிசையில் என்னைத் தாண்டும்போது வாய் திறக்கவில்லை. கடைசிப் பிள்ளை மேற்கு வாசலைத் தாண்டியதும் தலைகளை எண்ணினேன். வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். புரிந்தது. அதை ஊருக்கு எப்படிப் புரியவைப்பது?

குழுவில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஆலைக்காரர் முடியும்வரை கேட்டுவிட்டு, "போன மாசம் கல்லு இருந்தா விழும்னீங்க. இப்ப கல்லு இல்லைன்னா விழும்கிறீங்க. ஏத்தினாலும் விழும், இறக்கினாலும் விழும்னா, அது எப்பவும் விழாதுன்னுதான் அர்த்தம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கு அடித்துப் பேசினேனே, அதே வாய்தான் இன்றைக்குக் கெஞ்சுகிறது. யார் நம்புவார்கள்? மழை வந்தால் மரத்தடியில் வகுப்பு நடத்த முடியாது, ஒன்றாம் தேதி கூடத்தைத் திறக்காவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு என்னை விடுப்பில் அனுப்புவார்களாம். அப்படி அனுப்பினால் மறுநாளே பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு?

தையல்காரரிடம் போனேன். வாசலுக்கு வந்தார், கதவை முழுதாகத் திறக்கவில்லை. "என் புள்ளையை இறக்கிட்டீங்க. இப்ப எங்களையும் இறங்கச் சொல்றீங்க. அவளைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? போங்க டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அலமாரிக்குப் பின்னால் இப்போது என் முழங்கை போகிறது. உள்ளே போகாதே என்று திட்டாதே, ஒருமுறைதான் போனேன், சத்தமில்லாமல்.

நீ வா. வாசலில் நான் சொன்ன வார்த்தையை நானே எடுத்துக்கொள்கிறேன். அன்று அம்மா கடைசிவரை உன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இருந்த என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தை உன்மேல் கொட்டினேன். இதைச் சொல்ல இப்போதுதான் வாய் வந்தது. வா.

அக்கா

*

ஜூலை 31

தம்பி,

நீ சந்தில் நிற்கிறாய், நான் மைதானத்தில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடாதே, சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். கையைப் பிசைந்துகொண்டு உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நமக்குப் பேச்சைவிட இதுதானே பழக்கமாகிவிட்டது.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குக்கூட வராமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாயாம். நான் வந்தபோது சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாய். மெலிந்துபோயிருக்கிறாய். உன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. பிறகு ஆலைக்காரர், குழு, பெற்றோர் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, "அக்கா மேல தப்பு இல்லை. இறக்கச் சொன்னது நான். சுவரை வந்து பாக்காம எங்கியோ உக்காந்துக்கிட்டு சொன்னேன். நான் சொன்னது தப்பு. படிச்சவன் சொன்ன தப்பு, அதனால எல்லாரும் நம்பிட்டீங்க." ஆலைக்காரர் தானாகப் போய் மேற்கு வாசலுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள், தம்பி. அதை நீதான் செய்தாய்.

முட்டுக் கொடுக்க மரம் ஏற்றிய லாரி சாயங்காலம்தான் வருமாம். அதுவரை சுவர் நிற்குமா என்று கேட்டேன். நீ சந்துக்குள் போய்விட்டாய். தையல்காரர் கதவைத் தட்டினாய். அவர் திறக்கவில்லை. அப்போது நீ சொன்னது இங்கே வரை கேட்டது. "திறக்க வேண்டாம் அண்ணே. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்." சுவரடியில் போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாய்.

பைத்தியக்காரா. எவ்வளவு நேரமாக நிற்கிறாய் தெரியுமா? சுவரிலிருந்து மண் உதிர்ந்து உன் சட்டைத் தோளில் விழுவது எனக்கு இங்கிருந்து தெரிகிறது. நீ தட்டிக்கூட விடவில்லை. அவர் மனைவியை எண்ணிப் பயப்படுகிறேனா, உன்னை எண்ணியா என்று கேட்டால், உன்னை எண்ணித்தான். தலைமை ஆசிரியை இப்படி எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

ஜன்னல் திறக்கிறது. அந்த அம்மா படுத்தபடியே உன்னைப் பார்க்கிறாள் போலிருக்கிறது. உள்ளே ஏதோ பேச்சு. அவள் குரல்தான். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

கதவு திறந்துவிட்டது. தையல்காரர் உன்னை உள்ளே கூப்பிடுகிறார். கட்டிலோடு தூக்குகிறீர்கள். தலைப்பக்கம் அவர், கால்பக்கம் நீ. நிலைப்படியில் கட்டில் திரும்பவில்லை. உடைந்த படியில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பேரால் ஆகாது. ஆலைக்காரரும் மற்றவர்களும் சந்து முனையிலேயே நிற்கிறார்கள், ஒருவரும் உள்ளே வரவில்லை.

மேலிருந்து ஒரு செங்கல் விழுந்தது.

நான் வருகிறேன்.

*

அதே தாளின் மறுபக்கம்
ஆகஸ்ட் 1

அக்கா,

நீ எழுதிய தாளை வாயாடி பெஞ்சிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். மறுபக்கம் காலியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதில் எழுதுகிறேன்.

கட்டில் சந்து முனையைத் தாண்டிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒரு கீறல் இல்லை. நான் கால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன், தையல்காரரை நடுவுக்குத் தள்ளிவிட்டு நீ தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு கடைசியாக வந்தாய். பாரம் திடீரென்று என் கையில் கூடியது. திரும்பிப் பார்த்தால் தூசிதான் தெரிந்தது. சத்தம் பிறகுதான் கேட்டது. சுவர் முழுக்கச் சந்தில் படுத்துவிட்டது. கூரை கூடத்துக்குள் இறங்கிவிட்டது. பெஞ்சுகள் இருந்த இடத்தில் பெஞ்சு எதுவும் தெரியவில்லை. ஆலைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பேரனும் எட்டாம் வகுப்பாம்.

உன்னைத் தோண்டி எடுத்தது தையல்காரர். நானும் தோண்டினேன், ஆனால் உன் கையை முதலில் பிடித்தது அவர்தான். இங்கே எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறார்.

தலையில் அடி. மூச்சு சீராக இருக்கிறது. "கண் முழிச்சாதான் எதுவும் சொல்ல முடியும்," என்கிறார் டாக்டர். எப்போது முழிப்பாய் என்று கேட்டேன். நான் மற்றவர்களுக்குச் சொல்வது போல அவர் எனக்கு ஒன்றும் அடித்துச் சொல்லவில்லை. நல்ல டாக்டர்.

உன் சாவி என்னிடம் இருக்கிறது. பூட்டுதான் இல்லை.

சற்று முன் வாயாடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா முழிச்சிடுவாங்கல்ல மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது என் வாய்க்குப் பழகிய பதில். சொல்ல முடியவில்லை. "தெரியலைடா," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் விடவில்லை, இடது கையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தத் தாளை மடித்து உன் கைக்குள் வைக்கப் போகிறேன். விரல்களை நானே மூடிவிடுகிறேன். முழித்ததும் படி. படித்துவிட்டுத் திட்டி எழுது அக்கா. ஒரு வரி போதும்.

தம்பி